மூடிய குப்பைக் கிடங்கு: மழைக்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

குப்பை கொட்டுவதை நிறுத்தி, மேலே மண் போட்டுப் புல்லும் வளர்த்துவிட்டால் கிடங்கின் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே குப்பை இன்னும் மக்கிக்கொண்டுதான் இருக்கும்: அமுங்கும், மீத்தேன் விடும், சாறு வடிக்கும். மூடிய பிறகும் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னது இதனால்தான்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது. எனவே முதல் சுற்றை ஆகஸ்டிலேயே முடியுங்கள். பழுதுபார்க்க செப்டம்பர் இருக்கட்டும். சுற்றி வரும்போது மனதில் ஒரே கேள்வி போதும்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே இறங்கும்?

கிளம்பும் முன்

50 மீட்டர் டேப், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம், மூங்கில் முளைகள், சுண்ணாம்புத் தூள், மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் காட்டும் வாயு மீட்டர், கம்பூட்ஸ். குறைந்தது இரண்டு பேர் போக வேண்டும். பீடி, தீப்பெட்டி எல்லாம் வாசலோடு சரி. மேட்டைக் கடப்பாரையால் குத்திப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்; நீங்கள் போடும் ஓட்டை வழியாகவே மழை இறங்கும்.

மேல்மூடி

முறைப்படி மூடிய கிடங்கில் கீழிருந்து மேலாக 60 செ.மீ. களிமண், 15 செ.மீ. வடிகால் அடுக்கு, 45 செ.மீ. செடி வளரும் மண் என மூன்று அடுக்கு இருக்கும். அடியில் லைனர் (சாறு நிலத்தில் இறங்காமல் தடுக்கும் விரிப்பு) இல்லாத பழைய கிடங்குகளில் நிலத்தடி நீருக்கு இந்த மூடிதான் ஏறக்குறைய ஒரே காவல்.

உச்சிப் பகுதியில் 10 மீட்டருக்கு 30 முதல் 50 செ.மீ. சரிவு வேண்டும். டியூப் மட்டம் வைத்துப் பாருங்கள், 20 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பால் வட்டம் போட்டுவிடுங்கள். குப்பை எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது, அதனால்தான் பள்ளம் விழுகிறது.

பள்ளத்தில் இரண்டு லோடு மண் கொட்டி மட்டமாக்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மேலே பார்க்கச் சமமாக இருக்கும். ஆனால் அடியில் களிமண் தட்டுபோல் குழிந்தே இருப்பதால் தண்ணீர் அங்கே தேங்கி, மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். மேல்மண்ணையும் வடிகால் அடுக்கையும் தனித்தனியாக ஒதுக்கி, களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசு போட்டு இறுக்கிச் சரிவைக் கொண்டுவாருங்கள். பிறகு மற்ற இரண்டையும் பழைய வரிசையிலேயே திருப்பிப் போடுங்கள்.

இந்தப் பக்கத்துச் செம்மண் எளிதில் கிடைக்கும். ஆனால் மணற்பாங்கானது, களிமண் அடுக்குக்கு உதவாது. ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமனுக்கு நூலாகத் திரிந்தும் உடையாமல் நின்றால் எடுத்துப் பார்க்கலாம். முடிவாகச் சொல்ல வேண்டியது ஆய்வகத்தின் நீர்க்கசிவுச் சோதனை.

கோடையில் வரும் வெடிப்புகளை வாய் அகலப்படுத்தி, ஈரப்படுத்தி, களிமண் அடைத்து இறுக்கலாம். ஆனால் சரிவின் விளிம்புக்கு இணையாக, பிறை வடிவில் ஓடும் வெடிப்பைத் தொடாதீர்கள். மேடு சரியப்போவதன் அடையாளமாக அது இருக்கலாம். கீழே ஆள் நடமாட்டத்தை நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

செடி சொல்லும் சேதி

மூடிக்கு அருகம்புல் போதும். சீமைக்கருவேலம் முளைத்தால் முழ உயரத்துக்குள் வேரோடு பிடுங்குங்கள். வளர்ந்துவிட்டால் வேர் களிமண்ணைத் துளைக்கும். கடலூர்க்காரர்களுக்கு வெட்டிவேர் நினைவுக்கு வருவது இயல்பு. வாய்க்கால் கரைக்கு அது அருமை, மூடியின் மேல் வேண்டாம்: அந்த வேரும் ஆழம் போகும்.

சுற்றிலும் பச்சையாக இருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் கருகியிருந்தால் அங்கே மீட்டரை வையுங்கள். கசியும் வாயு வேரைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை விரட்டிவிடுகிறது.

வாயுக் குழாய்

உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விடும் குழாய் நேராக நிற்கிறதா, தலைமூடியும் வலையும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, குழாய் மண்ணுக்குள் நுழையும் இடத்தைக் குனிந்து பாருங்கள். மண் அமுங்கி, குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருக்கும். பென்டோனைட் (நீர் பட்டால் உப்பும் களிமண் தூள்) கலந்த களிமண்ணால் அடைத்து, நீர் விலகி ஓடும்படி மேடாக்குங்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் பொறி பட்டாலே வெடிக்கும். காவலர் அறை, பம்ப் அறைக்குள் 1.25 சதவீதம் காட்டினாலே வெளியேறி, கதவைத் திறந்துவிடுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். புயலுக்கு முன் காற்றழுத்தம் இறங்கும்போது வாயு கூடுதலாக வெளிவரும்.

குப்பைச்சாறு

மேட்டின் அடிவாரத்தில் டிக்காஷன் நிறத்தில் கசிவும் ஆரஞ்சுப் படிவும் தெரிந்தால் உடனே மண் போட்டு அடைக்கத் தோன்றும். அடைத்தால் உள்ளே நீர் ஏறி, சரிவே வழுக்கலாம். ஜல்லி நிரப்பிய வாய்க்காலில் துளைக்குழாய் வைத்துச் சேகரிப்புத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டதால் ஆபத்தும் போய்விட்டதென்று நம்பவும் வேண்டாம்; ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்துவிடும்.

மழைநீர் வாய்க்கால் தனி. தூர்வாரி, சாறு அதில் கலக்காதபடி பாருங்கள்.

கண்காணிப்புக் கிணறு

நிலத்தடி நீர் வரும் பக்கம் (மேல்பக்கம்) ஒன்று, போகும் பக்கம் (கீழ்ப்பக்கம்) குறைந்தது இரண்டு வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுங்கள். தேங்கிய நீரை வெளியேற்றாமல் எடுத்த மாதிரியால் பயனில்லை. 10 செ.மீ. விட்டக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 7.9 லிட்டர் நிற்கும். 6 மீட்டர் நீர் இருந்தால் 47 லிட்டர். அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது சுமார் 140 லிட்டர் இறைத்த பிறகே புட்டியை நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இது கடலோரம். குளோரைடு ஏறியதும் குப்பைமேட்டின் மேல் பழி போட முடியாது, கடல்நீர் உள்ளே வந்தாலும் அது ஏறும். அம்மோனியாவும் சி.ஓ.டி.யும் (நீரில் உள்ள கழிவின் அளவைக் காட்டும் சோதனை) சேர்ந்து ஏறியிருக்கின்றனவா, மேல்பக்கக் கிணற்றில் அதே மாற்றம் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கீழ்ப்பக்கத்தில் மட்டும் ஏறியிருந்தால் மூடியையும் சாறு வடிகாலையும் மறுபடி சோதித்து, அறிக்கையை நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எழுத்தில் கொடுங்கள்.