ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, யூ.சி.யில் (கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகம், பல ஊர்களில் உண்டு) மூன்றாம் வருடம் கெமிஸ்ட்ரி மேஜரில், அதாவது கெமிஸ்ட்ரியை முதன்மைப் பாடமாக எடுத்து, சேர நினைப்பவர்கள் முதலில் ஒரு பெரிய தாளை எடுங்கள். என் மகளுக்கு நான் போன வருட மாதக் காலண்டரின் பின்பக்கத்தில்தான் கட்டம் போட்டேன்.

கட்டத்தைக் கடைசியிலிருந்து நிரப்புங்கள். நாலாவது செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பகுதி, மூன்றாவதில் முதல் பகுதி. அதற்கு முந்தைய இரண்டிலும் ஜெனரல் கெமிஸ்ட்ரி. அவ்வளவுதான், இரண்டு வருடம் தீர்ந்தது! அறிமுக கெமிஸ்ட்ரி எடுத்துவிட்டு வா என்று காலேஜ் சொன்னால், அதைக் கோடையிலேயே முடித்துவிட வேண்டும். கணக்கை அடுத்த வரியில் போடுங்கள். கால்குலஸ் தொடங்காமல் இந்த மேஜருக்கு வேண்டிய பிசிக்ஸ் வரியைத் தொட முடியாது.

நாங்கள் சறுக்கியது இந்த பிசிக்ஸில்தான். மாலை வகுப்பில் இடம் இருக்கிறதே என்று மகள் ஒன்றில் சேர்ந்தாள். பாடம் தேர்ந்தெடுக்க உதவும் காலேஜ் கவுன்சிலரும் தலையாட்டினார். அது கால்குலஸ் இல்லாத பிசிக்ஸ். அவள் கேட்ட மேஜருக்குச் செல்லாது. யூனிட்டுக்கு 46 டாலர், நாலு யூனிட்டுக்கு 184. பணம் போனால் போகிறது, ஒரு செமஸ்டர் போனதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே யார் என்ன சொன்னாலும் அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) தளத்தில் நீங்களே பாருங்கள். உங்கள் காலேஜ், போக விரும்பும் யூ.சி., மேஜர் மூன்றையும் கொடுத்தால், அங்கே கேட்கும் பாடத்துக்கு எதிரே இங்கே எதைப் படிக்க வேண்டும் என்று வரும். இரண்டு பாடங்களைச் சேர்த்துக் காட்டினால் இரண்டையும் முடித்தால்தான் கணக்கு. ஒரே மேஜருக்குக்கூட யூ.சி.க்கு யூ.சி. பட்டியல் மாறும், அதனால் மூன்று நான்கு இடங்களுக்காவது பார்த்துவிடுங்கள்.

ஜெனரல் கெமிஸ்ட்ரி போலப் பகுதி பகுதியாக வரும் ஒரு பாட வரிசையைத் தொடங்கிய காலேஜிலேயே முடியுங்கள். டி ஆன்ஸா, ஃபுட்ஹில் என்ற கம்யூனிட்டி காலேஜ்கள் இரண்டும் குவார்ட்டர் முறை. ஒரு வருட கெமிஸ்ட்ரி அங்கே மூன்று துண்டு. செமஸ்டர் காலேஜில் இரண்டு. நடுவில் தாவினால் ஒரு பகுதியைத் திரும்பப் படிக்க நேரும், அல்லது ஒன்று விட்டுப்போகும்.

பொதுப்பாடங்களுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். இரண்டு ஆங்கிலக் கட்டுரை வகுப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள், மற்றதெல்லாம் மேஜர் பாடங்களுக்கு அப்புறம்தான்.

டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு யூ.சி.க்களில் இட உறுதித் திட்டம் உண்டு, அதாவது அவர்கள் சொல்லும் நிபந்தனைகளை முடித்தால் இடம் நிச்சயம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் கிடையாது. ஆறில் ஒன்றுக்குத்தான் கேட்க முடியும், அதுவும் செப்டம்பரில். எல்லா மேஜருக்கும் தருவதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான விண்ணப்பத்தை நவம்பருக்குள் அனுப்பிவிடுங்கள்.

அப்போது நாலாவது செமஸ்டர் தொடங்கியே இருக்காது. அந்தப் பாடங்களை 'எடுக்கப்போகிறேன்' என்று எழுதிக் கொடுப்பீர்கள். அப்புறம் லேப் நேரம் ஒத்துவரவில்லை என்று ஆர்கானிக்கை விட்டால் யூ.சி.க்கு உடனே தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடமே போகலாம். லேப் இடங்கள் சீக்கிரம் நிரம்பும், பதிவு திறக்கும் நிமிடத்திலேயே உட்காருங்கள். வெயிட்லிஸ்ட் என்று வந்தாலும் முதல் நாள் வகுப்புக்குப் போய் நில்லுங்கள். என் மகளுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.