அறுந்த வாலுக்கு வலிக்குமா? பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. கதவிடுக்கில் சிக்கி அறுந்த பல்லி வால் தரையில் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, "சித்தி, இந்த வாலுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். "பல்லி தப்பிக்கிறதுக்காக வாலை விட்டுட்டு ஓடிடும்டி" என்றேன். முறைத்தாள். அவள் கேட்டது வாலைப் பற்றி, நான் சொன்னது பல்லியைப் பற்றி.

பெரியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கேள்வி முடிவதற்குள் நமக்குத் தெரிந்த ஏதோ ஒரு பதிலை எடுத்து நீட்டிவிடுகிறோம். அவள் கேட்டதற்குப் பதில் எளிது. வலியை உணர மூளை வேண்டும். அது பல்லியோடு போய்விட்டது. வாலில் மிஞ்சிய தண்டுவடத் துண்டு சில நிமிடங்கள் தசைகளைச் சுண்டிக்கொண்டே இருப்பதால் வால் துடிக்கிறது. பூனை அதை வேடிக்கை பார்க்கும் நேரத்தில் பல்லி டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். வால் எலும்புகளில் முறிவதற்கென்றே பலவீனமான இடங்கள் உண்டு. திரும்ப முளைக்கும் வாலிலோ எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான்.

அடுத்தது, பயமுறுத்தியே வாயை அடைப்பது. "கொட்டையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும்" என்பதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. வயிற்றில் அமிலம் உண்டு, வெளிச்சமும் காற்றும் கிடையாது. முழுங்கிய தர்ப்பூசணி விதை மறுநாளோ அதற்கு மறுநாளோ தன் வழியைப் பார்த்து மலத்தோடு போய்விடும். இதில் எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. உண்மையான ஆபத்து வயிற்றில் இல்லை, மூச்சுக்குழாயில் இருக்கிறது. சின்னக் குழந்தைக்கு முழு நிலக்கடலையைக் கொடுத்து, அது ஓடியாடிக்கொண்டே தின்னும்போது புரையேறினால் உயிருக்கே ஆபத்து. பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மரக்கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் பேச்சு வழக்கும் சில நேரம் குழப்பும். புறங்கையில் நீலமாகத் தெரிவதை "நரம்பு" என்கிறோம், "நரம்பு ஊசி" என்கிறோம். அது நரம்பே இல்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் சிரை. நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே சேதி கொண்டுபோவது. சரி, சிரை நீலம் என்றால் உள்ளே ஓடும் ரத்தமும் நீலமா? இல்லை, அடர்சிவப்புதான். தோலுக்குள் போகும் ஒளி திரும்பி வரும் விதத்தால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. நிஜமாகவே நீல ரத்தம் வேண்டுமென்றால் ஆக்டோபஸிடம் போக வேண்டும். அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. இதயம் வேறு மூன்று!

பாம்பு விஷயத்துக்கு வந்தால் நமக்குக் கட்டுப்பாடே கிடையாது. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்குமாம். என் பாட்டி சொன்னதை நானும் பல வருடம் நம்பினேன். அது விஷமே இல்லாத, மரத்தில் வாழும் ஒல்லியான பாம்பு. ஓணானையும் தவளையையும் பிடித்துத் தின்னும். இந்தக் கதையால் அடிபட்டுச் சாவது அதுதான். சாரைதான் ஆண், நல்லபாம்புதான் பெண் என்பது இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு இனம், இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாரைகள் பிணைந்து நின்றாடுவதைப் பார்த்து ஜோடி என்கிறோமே, பெரும்பாலும் அவை இரண்டுமே ஆண்கள். யார் பெரியவன் என்று மல்லுக்கட்டுகின்றன. பாம்பு பால் குடிக்கும் என்பதும் அப்படித்தான். பாலூட்டியின் குட்டிக்கு உள்ள உணவு பாம்புக்குச் செரிக்காது. பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் பாலையும் குடிக்கும், அவ்வளவுதான். மகுடியின் இசைக்கு ஆடுவதாகச் சொல்வதிலும், பாம்பு பின்தொடர்வது கண்முன் அசையும் குழலைத்தான்.

ஆனால் மூடநம்பிக்கையை உடைக்கும் உற்சாகத்தில் "பாம்பு ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிவிடாதீர்கள். அது கொம்பேறிமூக்கன் கதையைவிடப் பெரிய தவறு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் ஆளைக் கொல்லக்கூடியவை. எந்தப் பாம்பானாலும் தள்ளி நில், பெரியவர்களைக் கூப்பிடு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது எதுவும் கூடாது. 108-ஐ அழைத்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிருகங்களுக்கு ஆசை கற்பிப்பதையும் குறைத்துக்கொள்ளலாம். "எட்டி எட்டித் தின்றதால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது" என்றால், கம்பியில் தொங்கினால் தனக்குப் பிறக்கும் பிள்ளை உயரமாக இருக்குமென்று குழந்தை கணக்குப் போடும். கழுத்து நீளமாகப் பிறந்தவை அதிகம் பிழைத்துக் குட்டி போட்டன என்று சொன்னாலே போதும். அதன் கழுத்திலும் நமக்கு இருப்பது போல ஏழே எலும்புகள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் உடனே தங்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.

புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக அப்படியே ஒப்பிக்கவும் வேண்டாம். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்பக்கம் கசப்பு என்று நாம் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறோம். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் ஓரங்களில் உணர்வு சற்றுக் கூடக்குறைய இருப்பதாக எழுதினார். பிற்பாடு அதைத் தவறாகப் புரிந்துகொண்டதில், ஒவ்வொரு சுவைக்கும் எல்லை போட்ட வரைபடமே வந்துவிட்டது. நாக்கில் சுவை அரும்பு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். இதை நான் வாயால் விளக்கவில்லை. உப்புத் தண்ணீர், வெல்லத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு மூன்றையும் கிண்ணத்தில் எடுத்து, பஞ்சில் தொட்டு அவள் நாக்கின் நுனியில் வைத்தேன். பாகற்காய் வந்ததும் "ஐயோ, நுனியிலேயே கசக்குது சித்தி!" என்று குழாயடிக்கு ஓடினாள். திரும்பி வந்து, பஞ்சை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இப்போ நீ நாக்கை நீட்டு" என்றாள்.