ஃபிரான்ஷூக்கில் ஒரு நாள், மூன்று பண்ணைகள்: ஒயின் பள்ளத்தாக்குக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று ஒயின் பண்ணைகள், நடுவில் நிதானமான ஒரு மதிய உணவு. அதற்கு மேல் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் ஃபிரான்ஷூக் பள்ளத்தாக்குக்கு முதன்முறை போனபோது நான் ஐந்து பண்ணைகளைக் குறித்து வைத்திருந்தேன். நான்காவதில் நாக்கு மரத்துப்போனது. ஐந்தாவதுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கமும் மலை சூழ்ந்த அந்த அழகான இடத்தில் நான் அதிகம் பார்த்தது கைக்கடிகாரத்தைத்தான். அடுத்த பயணத்தில் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அந்த நாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

அங்கே பருவங்கள் நமக்கு நேர்மாறு. ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை அறுவடை. பழம் நிரம்பிய பெட்டிகள் வந்து இறங்குவதையும், நொதிக்கும் சாறின் மணத்தையும் அப்போதுதான் அனுபவிக்க முடியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்கால மழை. கொடிகள் மொட்டையாக நிற்கும், கூட்டம் குறைவு. என்னைக் கேட்டால் மார்ச் பிற்பாதியும் ஏப்ரலும்தான். வெயில் தணிந்திருக்கும், இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

படி 2: வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்

கேப் டவுனிலிருந்து ஃபிரான்ஷூக் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். சாலை நன்றாக இருக்கிறது, வண்டிகளும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் போகின்றன. அதனால் நாமே ஓட்டலாம் என்று தோன்றும். ஆனால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமை எட்டினாலே அங்கே குற்றம். சுவை பார்க்கும் சிறு குவளைகள் சேர்ந்தால் அந்த எல்லை வெகுதூரமில்லை.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊரிலிருந்து கிளம்பும் ஒயின் டிராம். பழைய ரயில் தடத்தில் டிராமும், மற்ற இடங்களுக்குத் திறந்த பஸ்ஸுமாக, வெவ்வேறு தடங்களில் ஓடுகிறது. வேண்டிய பண்ணையில் இறங்கி, அடுத்து வரும் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பயண டிக்கெட்டில் சுவைப்புக் கட்டணம் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, ஓட்டுநரோடு கார். பண்ணைகளை நாமே தேர்ந்தெடுக்க விரும்பினால் இதுதான் சரி.

படி 3: மூன்றும் மூன்று விதமாக இருக்கட்டும்

ஒரே மாதிரிப் பண்ணைகளாக எடுத்தால் மாலையில் எது எங்கே என்று நினைவிருக்காது. என் வரிசை இது.

காலையில் ஓட் காப்ரியேர். ஃபிரான்ஷூக் கணவாய்க்கு ஏறும் சாலையில், மலைச்சரிவைக் குடைந்து கட்டிய நிலவறை. இங்கே நுரைக்கும் ஒயின் குடிக்க வேண்டும். ஷாம்பெயினைப் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதிக்கவிட்டுச் செய்யும் அந்த வகைக்குத் தென்னாப்பிரிக்காவில் காப் கிளாசிக் என்று பெயர். வாளால் தட்டிப் புட்டியின் கழுத்தைத் திறக்கும் பழக்கத்துக்கும் இந்தப் பண்ணை பேர்போனது.

மதியம், பக்கத்து ஊரான பார்ல் திசையில் இருக்கும் பாபிலோன்ஸ்டோரன். உணவைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மாலையில் போஷெண்டால். 1685-இல் தொடங்கிய பண்ணை. அந்த ஆண்டில்தான் பிரான்சின் பதினான்காம் லூயி, ஹியூகனாட்டுகள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தார். தப்பி ஓடியவர்களில் ஒரு பகுதியினர் 1688-இல் இங்கே குடியேறினார்கள். யானைகள் உலவியதால் யானை மூலை என்றிருந்த ஊர், பிரெஞ்சு மூலை ஆனது. ஃபிரான்ஷூக் என்பதன் பொருள் அதுதான்.

பழைய கேப் பண்ணைகள் பலவற்றில் உயரமான வெள்ளைத் தூண்களுக்கிடையே ஒரு மணி தொங்கும். படம் எடுக்க அழகாக இருக்கும். அது அடிமைகளை வேலைக்கு அழைத்த மணி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைப் பல இடங்களிலிருந்து கொண்டுவந்தது. வங்காளமும் நம் சோழமண்டலக் கரையும் அவற்றில் அடக்கம். இந்தக் கொடிகளுக்கு மண் வெட்டியவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்திருக்கக்கூடும். அந்த மணிக்கடியில் நான் வெகுநேரம் நின்றேன். நீங்களும் சில நிமிடங்கள் ஒதுக்குங்கள்.

படி 4: சுவைப்பது எப்படி

பயப்பட எதுவுமில்லை. நுரைப்பது, வெள்ளை, சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையில்தான் ஊற்றுவார்கள். குவளையைக் கிண்ணத்தில் பிடிக்காமல் தண்டில் பிடியுங்கள், கைச்சூடு ஏறாது. வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள். மெல்லச் சுழற்றி முகருங்கள். பிறகு ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் படரவிடுங்கள்.

இனி மூன்று கேள்விகள் போதும். கன்னத்தின் ஓரத்தில் நீர் ஊறுகிறதா? அது புளிப்பு. நாவல்பழம் தின்றது போல நாக்கு பிடிக்கிறதா? அது துவர்ப்பு, தோலோடு நொதிக்கும் சிவப்பு ஒயினில் அதிகம். விழுங்கிய பிறகு எத்தனை நொடி சுவை நிற்கிறது? நெடுநேரம் நின்றால் நல்ல ஒயின். துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாக எண்ணி வளர்ந்த நமக்கு இது எளிதாகவே கைவரும்.

மேசையில் இருக்கும் துப்பும் பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள். அது மரியாதைக்குறைவு அல்ல. ஒயின் செய்பவர்களே அப்படித்தான் சுவைக்கிறார்கள். இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

எதைக் கேட்டு வாங்கிச் சுவைப்பது? பினோடாஜைத் தவறவிடாதீர்கள். 1925-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ஆபிரகாம் பெரோல்ட், பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உருவாக்கிய திராட்சை அது. சின்சோவுக்கு அங்கே அப்போது எர்மிடாஜ் என்று பெயர். இரண்டு பெயர்களும் சேர்ந்து பினோடாஜ். வெள்ளையில் ஷெனின் பிளாங்க் எங்கும் கிடைக்கும். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் பழங்கொடிகளில் விளையும் செமிலான் எங்காவது இருந்தால் அதைத்தான் முதலில் கேளுங்கள்.

படி 5: மதிய உணவு

பாபிலோன்ஸ்டோரனின் பேபல் உணவகம் ஒரு பழைய மாட்டுத்தொழுவத்தில் இயங்குகிறது. எதிரே காய்கறித் தோட்டம். அங்கே பறித்ததுதான் தட்டுக்கு வருகிறது. சைவ உணவுக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பகுதியில் எனக்குக் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் தோட்டத்தை நடந்து பாருங்கள். இடத்தை முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். டிசம்பர், ஜனவரியில் வாரக்கணக்கில் முன்னதாக. உணவுக் கட்டுப்பாடுகளையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பரிமாறுபவருக்குப் பில்லில் 10 முதல் 15 சதவீதம், அந்நாட்டு நாணயமான ரேண்டில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

வெறும் வயிற்றோடு காலைப் பண்ணைக்குப் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 6: புட்டி வாங்குவது

மாலைவரை பொறுத்திருந்து, எந்தச் சுவை இன்னும் நினைவில் நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சில பண்ணைகளில் புட்டி வாங்கினால் சுவைப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வார்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. துணிகளில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியா திரும்புவோருக்குச் சுங்க வரியின்றி 2 லிட்டர் வரை அனுமதி. அதாவது 750 மில்லிலிட்டர் புட்டிகள் இரண்டு. நான் கொண்டுவந்தவை ஒரு செமிலான், ஒரு காப் கிளாசிக்.