அயனி புரோப் ஒளிர்ந்தால் உடனே நம்பலாமா?

அயனி புரோப் என்பது ஒரு குறிப்பிட்ட அயனியைப் பிடித்ததும் ஒளியோ நிறமோ மாறும் சாயம். அதை வாங்கும்போது எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதன் பிரிகை மாறிலி, அதாவது கேடி: புரோப்பில் பாதி அயனியைப் பிடித்திருக்கும் செறிவு. நீங்கள் தேடும் அயனி எந்தச் செறிவில் இருக்குமோ, கேடியும் ஏறக்குறைய அங்கேயே இருக்க வேண்டும். ஓய்விலுள்ள செல்லின் சைட்டோபிளாசத்தில் கால்சியம் சுமார் 100 நானோமோலார். ரோஜர் சியென் குழு 1985-இல் வெளியிட்ட கால்சியம் புரோப்பான ஃபுரா-2-வின் கேடி 140 முதல் 220 நானோமோலார் வரை, அதனால் பொருந்துகிறது. அதையே கடல்நீரில் கலந்தால், அங்கே கால்சியம் 10 மில்லிமோலார் அளவில் இருப்பதால் புரோப் முழுவதும் நிரம்பிவிடும், கூடினாலும் குறைந்தாலும் ஒரே ஒளிதான்.

தண்ணீரில் பாதரசம் தேடுகிறீர்களா? ரோடமைன் ஸ்பைரோலாக்டம் என்ற புரோப் வகையில் மூடிய வளையம் திறந்து இளஞ்சிவப்பாகும், கண்ணுக்கே தெரியும். ஆனால் அமிலம் பட்டாலும் அதே வளையம் திறக்கும், ஆகவே அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் பஃபர் கரைசல் இல்லாமல் அளக்கவே அளக்காதீர்கள். ஒளி அணைவதை வைத்துக் கண்டுபிடிக்கும் புரோப்கள் எனக்குப் பிடிக்காது. செம்பு, இரும்பு என்று ஒளியை அணைக்க ஆள் நிறைய உண்டு. அப்புறம், குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம், அதாவது சுமார் 30 நானோமோலார். ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழே தெரியாத புரோப் இதற்கு எதற்கு? மாதிரித் தண்ணீரிலேயே தெரிந்த அளவு பாதரசத்தைச் சேர்த்து, சேர்த்தது முழுவதும் அளவீட்டில் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

செல் என்றால் வேலை கூடுதல். செல்லுக்குள் நுழையக்கூடிய வடிவமான ஃபுரா-2 ஏஎம் எஸ்டரை ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 1 முதல் 5 மைக்ரோமோலார் வரை, சீரம் இல்லாத ஊடகத்தில் அரைமணி நேரம் வையுங்கள், ஏனென்றால் சீரத்தில் உள்ள எஸ்டரேஸ் என்ற நொதி அதை வெளியிலேயே வெட்டிவிடும். கழுவிய பின் இன்னொரு அரைமணி பொறுத்தால்தான் உள்ளே எஸ்டர் முழுதாக உடையும். சாயம் அதிகம் போட்டால் நன்றாகத் தெரியும் என்று நினைக்க வேண்டாம், சாயமே கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சிக்னலை மழுக்கிவிடும். 340, 380 நானோமீட்டர் ஒளியால் மாற்றி மாற்றித் தூண்டி, 510-இல் வரும் ஒளியின் விகிதத்தை எடுங்கள். செல்லின் தடிமனோ சாயத்தின் அளவோ பெரிதாகக் குழப்பாது.

சரி, விகிதம் ஏறிவிட்டது, கால்சியம்தானா? கடைசியில் கால்சியத்தைச் செல்லுக்குள் கடத்தும் அயனோமைசினோடு கால்சியம் கொடுத்து உச்சத்தையும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ கொடுத்து அடிமட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். துத்தநாகமும் ஃபுரா-2-வை, அதுவும் கால்சியத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அந்தச் சந்தேகம் இருந்தால் துத்தநாகத்தைப் பிடுங்கும் டிபென் சேருங்கள். விகிதம் இறங்கினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது துத்தநாகம்.