வாக்குச்சீட்டு இல்லாத ஊரில் பள்ளிக் கட்டட நிதி திரட்டுவது எப்படி?

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, கலிபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்த ஒரு வாக்குச்சீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த ஊர் அரசு உயர்நிலைப்பள்ளியின் கூரையையும் ஆய்வுக்கூடத்தையும் புதுப்பிக்கக் கடன் பத்திரம் வெளியிடலாமா, வேண்டாமா என்று ஊர்மக்களையே கேட்டிருந்தார்களாம். "அங்கே கேட்டுச் செய்கிறார்கள். நாம் மட்டும் ஏன் ஐயா ஒவ்வோர் ஆண்டும் ஒய்.பி.யின் மாதிரிக் காசோலைக்காகக் காத்திருக்க வேண்டும்?" என்றார். ஒய்.பி. என்றால் இங்கே நாடாளுமன்ற அல்லது சட்டமன்ற உறுப்பினர். அன்று மேடையில் பொருளாளராக உட்கார்ந்திருந்த எனக்குச் சரியான விடை தெரியவில்லை. மலேசியாவின் பினாங்கில் இரண்டு தமிழ்ப்பள்ளிகளின் கட்டடக் குழுவில் வேலை செய்தபின் இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது.

முதலில் அந்த அமெரிக்க முறையைப் புரிந்துகொள்வோம். அங்கே பள்ளி வட்டாரம் தனி உள்ளாட்சி அமைப்பு. அது கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டிக் கட்டடத்தைச் சீரமைக்கும். இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தக் கடனை அவ்வட்டாரத்து வீடு, நிலங்களின் மீது விதிக்கும் சொத்து வரியிலிருந்து அடைக்கும். பத்திரம் வாங்கியவருக்குக் கிடைக்கும் வட்டிக்குப் பொதுவாக மத்திய வருமான வரி கிடையாது என்பதால் குறைந்த வட்டிக்கே கடன் கிடைத்துவிடுகிறது. வரி உயரும் என்பதால்தான் வாக்காளரின் சம்மதம் தேவைப்படுகிறது. கலிபோர்னியாவில் முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2000ஆம் ஆண்டில் நிறைவேறிய 39ஆம் முன்மொழிவு, சில நிபந்தனைகளோடு அதை 55 விழுக்காடாகக் குறைத்தது. என்னென்ன வேலை என்ற பட்டியலை முன்கூட்டியே தர வேண்டும். பத்திரப் பணத்தில் ஆசிரியர், நிர்வாகி சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைய வேண்டும். அதில் பள்ளி வட்டாரத்தின் ஊழியரோ, குத்தகையாளரோ (வேலையை ஒப்பந்தத்தில் எடுப்பவர்) இடம்பெறக் கூடாது. நமக்குப் பாடம் கடனில் இல்லை, இந்த நிபந்தனைகளில்தான் இருக்கிறது.

ஏனெனில் அந்தக் கடன் இங்கே சட்டப்படி நடக்காது. கல்வி, கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நாம் ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் வீட்டு மதிப்பீட்டு வரி குப்பை, வடிகால், தெருவிளக்கு என்று மாநகராட்சியின் வேலைகளுக்குப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு அதில் பங்கில்லை. வாக்களிக்கவும் வழியில்லை. 1957இல் மாநகரமான, பினாங்கின் தலைநகர் ஜோர்ஜ் டவுனில் ஒரு காலத்தில் மன்றத் தேர்தல் நடந்தது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அவற்றை முடித்தே வைத்தது. மீண்டும் தேர்தல் நடத்த பினாங்கு அரசு எடுத்த முயற்சியையும் கூட்டரசு நீதிமன்றம் 2014இல் தள்ளுபடி செய்தது. இங்கே பள்ளிக்கும் பத்திரத்துக்கும் மிக அருகில் வந்தது, அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் 2015இல் வெளியிட்ட 10 கோடி ரிங்கிட் சமூகப் பொறுப்பு சுக்குக், அதாவது இஸ்லாமிய முறைக் கடன் பத்திரம்தான். அந்தப் பணம் யாயாசான் அமிர் என்ற அறநிறுவனத்தின் அறக்கட்டளைப் பள்ளித் திட்டத்துக்குப் போனது. அது பெரிய நிறுவனத்தால் ஆகும் வேலை. பள்ளி வாரியம் செய்யக்கூடியதன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. "முன்னாள் மாணவர்களிடம் ஆளுக்கு ஐயாயிரம் ரிங்கிட் வாங்கி, ஐந்தாண்டில் கொஞ்சம் லாபத்தோடு திருப்பிக் கொடுப்போம்" என்ற யோசனை எந்தக் கட்டடக் குழுவிலும் ஒருநாள் தலைகாட்டும். பொதுமக்களுக்குப் பத்திரம் விற்பது 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைச் சட்டத்தின்கீழ் வருகிறது. உரிமமில்லாமல் வைப்புத்தொகை வாங்குவது 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ் குற்றம். நல்ல எண்ணம் அங்கே சாக்காகாது. நன்கொடை என்றால் நன்கொடையாகவே வாங்குங்கள்.

கட்டடம் யாருடையது?

நிதி திரட்டத் தொடங்கும்முன் நிலப்பட்டாவைக் கையில் எடுங்கள். முழு உதவி பெறும் பள்ளி அரசு நிலத்தில் அரசு கட்டிய கட்டடம். அதில் ஒரு சுவரை இடிப்பதற்கும் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக அனுமதி பெற வேண்டும். பகுதி உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தந்தாலும், நிலம் பள்ளியை நிர்வகிக்கும் மேலாளர் வாரியத்தின் பெயரிலோ, பழைய தோட்ட நிறுவனத்தின் பெயரிலோ, கோவிலின் அல்லது மிஷனின் பெயரிலோ இருக்கும். இதைப் பார்க்காமல் பணம் வசூலித்து, பின்னர் நில உரிமையாளரின் கையொப்பத்துக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்த பள்ளி ஒன்றில் நானும் குழுவில் இருந்தேன். வங்கியில் பணம் இருந்தது, கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, நன்கொடை கொடுத்தவர்களின் தொலைபேசி அழைப்பை எடுக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

மழை நாளில் போய்ப் பாருங்கள்

வேலைப்பட்டியலை அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுத முடியாது. நல்ல மழை பெய்யும் பிற்பகலில், கட்டடம் தெரிந்த ஒருவரோடு ஒவ்வொரு வகுப்பறையாக நடக்க வேண்டும். உட்கூரைப் பலகையில் காய்ந்த பழுப்புக் கறை பழைய ஒழுகல். விரல் வைத்தால் ஈரம் ஒட்டும் கறை இன்றைய ஒழுகல். இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்து, வகுப்பின் பெயரை எழுதி வையுங்கள். மர உத்தரத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டும்போது சத்தம் கெட்டியாக வராமல் வெற்றுப் பெட்டியைத் தட்டுவதுபோல் வந்தால் உள்ளே கரையான் குடியிருக்கிறது. மின்பலகைப் பெட்டியை வெறும் கையால் தொட வேண்டாம். பதிவுபெற்ற மின்பணியாளரை அழைத்து, எல்லா வகுப்புகளிலும் மின்விசிறி சுழலும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டுக்கு முன் இழுத்த கம்பியில் பிற்காலத்தில் யாரோ அன்பளித்த குளிர்சாதனங்களை மாட்டிய பள்ளிகளில் இதுதான் முதல் ஆபத்து. பழைய கூரைத் தகடுகளில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டாஸ், இருக்கலாம். அதைப் பெற்றோர் கூட்டுப்பணியாக உடைத்து லாரியில் ஏற்றிவிடக் கூடாது; ஆய்வு செய்து, உரிமம் பெற்றவர்களைக் கொண்டுதான் அகற்ற வேண்டும்; அந்தச் செலவும் மதிப்பீட்டில் வர வேண்டும்.

இதன்பின் பொறியாளர் ஒருவரிடம் எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்குங்கள். முன்னாள் மாணவர்களில் யாராவது இந்தத் துறையில் இருப்பார். ஆனாலும் அறிக்கை அவருடைய தொழில்முறைக் கையொப்பத்தோடு வர வேண்டும். கூரை, மின்சாரம், கழிப்பறை ஆகிய மூன்றும் முதல் வரிசை. வண்ணம் பூசுவதும் முகப்பு வளைவு கட்டுவதும் கடைசி வரிசை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம், ஏனெனில் வளைவில் பெயர் பொறிக்க முடியும், கழிப்பறைக் குழாயில் முடியாது.

ஒரே கேள்வி, ஒரே தொகை

அமெரிக்க வாக்குச்சீட்டில் நான் மதிப்பது, தொகையும் வேலையும் ஒரே கேள்வியில் கட்டப்பட்டிருப்பதை. பொதுக்கூட்டத்தில் "கட்டட நிதி திரட்டலாமா?" என்று கேட்டால் எல்லாரும் கையைத் தூக்குவார்கள், அந்தக் கைகளுக்கு மதிப்பில்லை. தீர்மானத்தை ஏறக்குறைய இப்படி எழுதலாம். தொகை உதாரணத்துக்கு மட்டும்:

"நமது பள்ளியின் முதல் கட்டடக் கூரையை மாற்றவும், அக்கட்டடத்தின் மின்கம்பிகளைப் புதிதாக இழுக்கவும், பெண்பிள்ளைகளின் கழிப்பறைகள் ஆறினைச் சீரமைக்கவும், எதிர்பாராச் செலவுக்கான பத்து விழுக்காடு உட்பட 480,000 ரிங்கிட் திரட்டப்படும். இப்பணம் சம்பளத்துக்கோ, விழாவுக்கோ, வேறு வேலைக்கோ பயன்படாது. மிஞ்சும் தொகை இப்பொதுக்கூட்டத்தின் அனுமதியின்றித் தொடப்படாது. இருபத்து நான்கு மாதங்களுக்குள் வேலை தொடங்காவிட்டால், கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கலாம். இதற்குச் சம்மதமா?"

கையைத் தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். எதிர்ப்பு வாக்குகளையும் கூட்டக் குறிப்பில் எண்ணிக்கையோடு பதியுங்கள். எங்கள் பள்ளியில் எதிர்த்து எழுதிய ஒன்பது பேரில் இருவர் பின்னர் மேற்பார்வைக் குழுவில் சேர்ந்தார்கள். கணக்கை அவர்கள் அளவுக்கு வேறு யாரும் துருவிப் பார்க்கவில்லை. அந்தக் குழுவில் தலைமையாசிரியர், வாரியத் தலைவர், குத்தகையாளரின் உறவினர் ஆகியோர் இருக்கவே கூடாது. தலைமையாசிரியருக்கு இது வருத்தமாக இருக்கலாம். நாளைக்கு மாற்றலாகிப் போகும்போது அவரைக் காப்பாற்றுவதும் இதுவே என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பணம் எந்தப் பையில் போகிறது

ஒரு பள்ளியைச் சுற்றி மூன்று பைகள் இருக்கின்றன: பள்ளியின் சுவா கணக்கு (அரசு ஒதுக்கீடு அல்லாத பணத்துக்கானது), பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கு, மேலாளர் வாரியக் கணக்கு. முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் நான்கு. அது சங்கப் பதிவிலாகாவின்கீழ் தனியாகப் பதிந்தது. கட்டட நிதிக்கு இவற்றில் ஒன்றின்கீழ் தனி வங்கிக் கணக்கைத் திறந்து, மூன்று கையொப்பங்களில் இரண்டு இல்லாமல் பணம் வெளியேறாதபடி செய்யுங்கள்.

பெரிய நன்கொடையாளர்கள் முதலில் கேட்பது வரிவிலக்கு ரசீது. 1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 44(6)ஆம் பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் ஒப்புதல் பெற்ற நிதிக்குக் கொடுப்பவர், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் வேலையை விருந்துக்கு நாள் குறிக்கும்முன் தொடங்குங்கள். ஒப்புதல் வரும்முன் அப்படி ஒரு ரசீதை வாக்களிக்கவே கூடாது. வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். பிள்ளைகளிடம் நன்கொடை அட்டையைக் கொடுத்து அடுக்குமாடி வீடுகளின் கதவைத் தட்ட அனுப்பும் வழக்கத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிதி விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி, பாடகர் போக எங்கள் முதல் விருந்தில் மிஞ்சியது மேசைப் பணத்தில் பாதிகூட இல்லை. ஊர் கூடுவதற்கு விருந்து நல்லது. கூரைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

அரசாங்கப் பணம் மூன்று வாசல்களில் வருகிறது. கல்வி அமைச்சின் பராமரிப்பு ஒதுக்கீட்டுக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகவும், மாநில அரசின் தமிழ்ப்பள்ளி ஒதுக்கீட்டுக்கு மாநில அளவிலும், தொகுதி மானியத்துக்கு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களிலும் மனுக் கொடுக்க வேண்டும். 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலத்தில் நம் மனு இருபத்தெட்டில் ஒன்று. பொறியாளர் அறிக்கை, மூன்று விலைப்புள்ளிகள், வாக்கெடுப்பின் முடிவு, ஏற்கெனவே திரட்டிய தொகை ஆகிய நான்கும் இணைந்த மனு, "கட்டடம் பழுதடைந்துள்ளது, ஆவன செய்க" என்ற ஒரு பக்கக் கடிதத்தைவிட வெகு தூரம் போகும். மூன்று இடங்களிலும் ஒரே வேலைக்கு மறைமுகமாகப் பணம் கேட்காதீர்கள். கூரைக்கு ஒருவரிடம், மின்சாரத்துக்கு ஒருவரிடம் என்று பிரித்து, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். நாட்டின் வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. மனு ஆண்டின் நடுப்பகுதிக்குள் மேசையில் இருக்க வேண்டும். மாதிரிக் காசோலையோடு எடுத்த படம் வந்த அன்று குத்தகையாளரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக் கணக்கில் விழுந்ததுதான் பணம்.

வேலை தொடங்கும்போது

உருமாற்றம் எதுவானாலும் மாநகராட்சியிடம் கட்டட வரைபட அனுமதி தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி, 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜோர்ஜ் டவுன் மரபுரிமை வட்டாரத்துக்குள் இருந்தால் ஓட்டின் வகையும் சன்னலின் வடிவமும்கூட விதிக்கு உட்பட்டவை. அதற்கேற்ற செலவும் நேரமும் தனி. குத்தகையாளர் கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிந்தவராக, நம் வேலையின் மதிப்புக்கு ஏற்ற தரத்தில், ஜி1 முதல் ஜி7 வரையிலான பிரிவில் இருக்க வேண்டும்.

கூரையைப் பிரிக்க நீண்ட விடுமுறை வேண்டும். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் ஆண்டிறுதி விடுமுறைதான் கண்ணில் படும். ஆனால் பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் வலுக்கும் மழை நவம்பரிலும் முழுதாக ஓய்வதில்லை. ஆகவே கூரையை ஒரேயடியாகப் பிரிக்காமல் நான்கு நான்கு வகுப்பறைகளாகப் பிரித்து, அந்தப் பகுதி மூடிய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தார்ப்பாய் யார் செலவு என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் ஒரு நூலகத்தின் இரண்டு அலமாரிப் புத்தகங்கள் நனைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து விழுக்காட்டைப் பிடித்து வையுங்கள். மேற்பார்வைக் குழு மாதம் ஒருமுறை ஒரு பக்கக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும்: வந்தது, செலவானது, மீதி, அடுத்த வேலை. பிடித்து வைத்த தொகையை வேலை முடிந்த அன்றே விடுவிக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்தபின், முதலில் படம் எடுத்த அதே வகுப்புகளில், அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.