எரிவாயு நிறுவனத்தில் இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போகிற திருமலைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லீவில் திருகோணமலைக்கு வந்தால் உப்புவெளியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு தம்பி வந்துவிடுவான். "அண்ணன், வளைகுடாவில் எரிவாயு நிறுவனத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை கிடைச்சிருக்கு, என்ன படிச்சிட்டுப் போகணும்?" என்பான். அளக்கிற, கட்டுப்படுத்துகிற கருவிகளைப் பொருத்திச் சோதிக்கிற வேலை அது. என்ன படிக்க வேண்டும் என்பதைவிட எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் இந்த வேலையில் பிழையான கருவி பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை, சரியானது போன்ற ஓர் அளவைக் காட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும்.

மன்னார் படுகையில் 2011இல் இயற்கை எரிவாயு கண்டுபிடித்தார்கள், ஆனால் அது இன்னும் நம் வீடுகளுக்கு வரவில்லை. அதனால் 'கேஸ்' என்றால் நமக்குக் குசினியில் இருக்கிற சிலிண்டர்தான். அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடப் பாரமானவை, கசிந்தால் தரையோடு படியும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மெதேன், காற்றின் பாரத்தில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. அது மேலே ஏறிக் கூரைக்கடியில் தேங்கும். புதிதாக வந்த பையன் மீட்டர் அறைக்குள் வாயுக் கசிவைக் காட்டுகிற டிடெக்டரை முழங்கால் உயரத்தில் பிடித்துப் பார்த்து, பூச்சியம் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம், திரையில் வருகிற எண்ணையும் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். மெதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். அந்தக் கீழெல்லையைத்தான் டிடெக்டர் 100 என்று காட்டுகிறது. ஆகவே 20 என்று வந்தால் அறையில் இருப்பது 1 சதவீத வாயு.

பூச்சியம் வந்தாலும் உடனே நம்பாதீர்கள். எரிப்பு முறையில் வேலை செய்கிற சென்சரை சிலிக்கோன் ஸ்பிரே கெடுத்துவிடும், கெட்ட பிறகும் அது பூச்சியம்தான் காட்டும். ஒட்சிசன் போதாத இடத்திலும் அதன் அளவு குறைந்தே வரும். காலையில் சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்க்காத டிடெக்டரோடு, ஸ்டிக்கரில் சோதனைத் திகதி சரியாக இருந்தாலும், நான் எந்தக் குழிக்குள்ளும் இறங்க மாட்டேன்.

அடுத்தது பைப்பின் புரி, அதாவது திருகிப் பூட்டுகிற மரை. நம் ஊர் ஹாட்வெயார் கடைகளில் நாம் வாங்கிப் பழகியது பிரிட்டிஷ் புரி. அங்கே கருவிகளில் பெரும்பாலும் அமெரிக்கப் புரி வரும். அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 சுற்று, ஆனால் பிரிட்டிஷ் புரியின் பல் கோணம் 55 பாகை, அமெரிக்கப் புரியினது 60. அதனால் ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று நன்றாக ஏறும், பிறகு இறுகும். டெஃப்லான் டேப் சுற்றினால் சவர்க்கார நுரை வைத்துக் கசிவு பார்க்கிறபோதும் தாங்கலாம், பிறகு ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். கையில் புரி அளவி ஒன்று வைத்திருங்கள்.

கணக்கில் நடக்கிற பிழைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது அமுக்கத்தைப் பற்றியது. அமுக்கமானி காட்டுவது வளிமண்டல அமுக்கத்தைவிட எவ்வளவு கூட என்பதை. வாயுவின் கன அளவைத் திருத்துகிற கம்பியூட்டருக்கோ முழு அமுக்கம் வேண்டும், அதாவது இன்னும் ஏறக்குறைய 1.013 பார் கூட்ட வேண்டும். மானியில் 3 பார் இருக்கிற லைனில் அதைக் கூட்ட மறந்தால் கணக்கில் நாலில் ஒரு பங்கு காணாமல் போகும், 1 பாரில் பாதியே போய்விடும். ஆனால் 60 பாரில் 2 சதவீதம்கூட வராது. உயர் அமுக்க நிலையங்களில் பழகியவர்கள் அமுக்கம் குறைந்த விநியோகப் பக்கம் வந்ததும் இதில் தடுக்கி விழுவது அதனால்தான்.

நான் செய்த பிழையையும் சொல்கிறேன். சேர்ந்த மூன்றாம் மாதம் ஓர் ஓரிஃபிஸ் மீட்டரின் ட்ரான்ஸ்மிட்டரைச் சோதித்தேன். குழாய்க்குள் இருக்கிற துளைத் தகட்டின் இரண்டு பக்க அமுக்க வித்தியாசத்தை வைத்து ஓட்டத்தை அளப்பது அந்த மீட்டர், அந்த வித்தியாசத்தை அளந்து அனுப்புவது ட்ரான்ஸ்மிட்டர். 0, 25, 50, 75, 100 சதவீதம் என்று ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன், எல்லாம் சரி, சான்றிதழும் எழுதியாயிற்று. திரும்ப லைனில் போடும்போது நடுவில் இருக்கிற சமப்படுத்தும் வால்வை முழுதாக மூடவில்லை. இரண்டு பக்க அமுக்கமும் அதன் வழியே கொஞ்சம் கலந்து, ஓட்டம் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துக் கட்டுப்பாட்டு அறையில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம் நின்று, தொடுவதற்கு முன் இருந்த எண்ணோடு இப்போதையதை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. அந்த முதல் எண்ணை எழுதுவதற்கு முன் கருவியின் பூச்சியத்தைத் திருத்திவிடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், பழைய பில்களில் எவ்வளவு பிழை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தீப்பொறி வெளியே போகாத பெட்டிகளின் மூடியில் ஒரு போல்ட்கூடக் குறையக் கூடாது. கடற்காற்றில் போல்ட் எப்படித் துரு ஏறும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, உடைந்தால் அதே இனத்தைப் போடுங்கள். சோதனைக்காக ட்ரிப்பை, அதாவது ஆபத்தில் தானாக நிறுத்துகிற அமைப்பைத் தடுத்து வைத்தால், தடையை எடுத்துவிட்டதாக ஷிப்ட்டில் இருப்பவரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

2018 செப்டெம்பர் 13 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லோரன்ஸ் நகரிலும் பக்கத்து ஊர்களிலும் நடந்ததை ஒவ்வொரு புதுப் பையனுக்கும் சொல்கிறேன். பழைய இரும்புக் குழாய்களை பிளாஸ்டிக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாயுவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டருக்கு ஊரின் அமுக்கத்தைச் சொல்கிற சின்னக் குழாய் பழைய லைனிலேயே இருந்துவிட்டது. அந்த லைனை மூடியதும் அதில் அமுக்கம் விழுந்தது. ஊருக்கே அமுக்கம் குறைகிறது என்று ரெகுலேட்டர் முழுதாகத் திறந்து, வீடுகளுக்குள் அளவுக்கு மிஞ்சிய அமுக்கத்தைத் தள்ளியது. வீடுகள் வெடித்தன, ஓர் இளைஞர் இறந்தார், இருபதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். ரெகுலேட்டர் பழுதாகவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை அது சரியாகவே செய்தது. வேலைத் திட்டத்தில் அந்தச் சின்னக் குழாயைப் பற்றி எழுதப்படவே இல்லை.

ஆகவே பைப் வேலைக்காரர்கள் ஒரு லைனை வெட்டவோ மூடவோ போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், உங்களை யாரும் கூப்பிடாவிட்டாலும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போங்கள். ரெகுலேட்டரிலிருந்து புறப்படுகிற அந்தக் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே அது எந்த லைனில் போய்ச் சேர்கிறது என்று முடிவுவரை நடந்து பாருங்கள்.