கிராமப்புறக் கவுன்டியில் நம்மவர் கைதானால்: சிறைப் பட்டியலில் பெயரைத் தேடும் முறை

ஜார்ஜியா மாநிலத்துக்குப் புதிதாக வரும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் ஆகிய அட்லாண்டா புறநகர்களில் குடியேறுகிறார்கள். மாநிலத்தில் நம் மாவட்டங்களைப் போன்ற 159 கவுன்டிகள் இருப்பதும், அவற்றில் பெரும்பாலானவை வேர்க்கடலையும் பருத்தியும் விளையும் சிறு ஊர்களே என்பதும் டிசம்பர் விடுமுறையில் ஆர்லாண்டோவுக்குக் கார் ஓட்டிச் செல்லும்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும். மேக்கனைத் தாண்டித் தெற்கே செல்லும் ஐ-75 சாலையில், ஒரு கவுன்டியின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்குவதை ஒரு சிறிய பச்சைப் பலகை மட்டுமே அறிவிக்கும். அந்தச் சாலையில் இரவு நேரத்தில் உங்கள் வீட்டாரோ நண்பரோ கைது செய்யப்பட்டு, அவர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் வீட்டிலிருந்தபடி தேட நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கைதா, நம்மவர்களா என்று புருவம் உயர்த்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜார்ஜியாவில் போக்குவரத்து விதிமீறல்கள் பெரும்பாலும் மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்ற வகையிலேயே வருகின்றன. மணிக்கு 85 மைல் வேகத்தைத் தொட்டால் அபராதத்தோடு, 2010 முதல் நடப்பில் உள்ள சூப்பர் ஸ்பீடர் சட்டப்படி மாநிலத்துக்கு இன்னொரு 200 டாலரும் கட்ட வேண்டும். அது பணத்தோடு போய்விடும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டினாலோ கையில் விலங்கே விழலாம். எச்-1பி வேலை விசா நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது, நாட்டில் தங்கும் அனுமதி முடியும் ஐ-94 தேதியை ஒட்டி ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகிவிடும் என்பதை மறந்துவிட்டு நெடும்பயணம் கிளம்புபவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். என் நண்பரும் அப்படித்தான் கிளம்பினார்.

ஊரில் ஒருவரைப் பிடித்துச் சென்றால், தெரிந்த வக்கீலையோ வட்டச் செயலாளரையோ அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்போம். ரைட்டரிடம் பக்குவமாகப் பேசினால் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா, ரிமாண்டா, ஸ்டேஷன் ஜாமீனா என்பதெல்லாம் தெரிந்துவிடும். இங்கே அந்த வழக்கம் எடுபடாது. ஊர்க் காவலர் பிடித்தாலும், மாநில ரோந்துப் படை பிடித்தாலும், பெரும்பாலும் கொண்டு சேர்ப்பது கவுன்டி சிறையில்தான். அதை நடத்துபவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஷெரிஃப். உள்ளே இருப்பவர்களின் பெயர்களை ஷெரிஃப் அலுவலகமே பல இடங்களில் இணையத்தில் வெளியிடுகிறது, அதைப் பார்க்க யாருடைய தயவும் தேவையில்லை. வீட்டு விஷயம் வெளியே தெரியக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இந்த வெளிப்படைத்தன்மை உறுத்தத்தான் செய்யும். ஆனால் நடுஇரவில் ஆளைத் தேடும்போது அதுதான் துணை.

முறைப்படி செய்ய வேண்டியவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் எந்தக் கவுன்டி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஜார்ஜியாவில் நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வெளிவழிகளின் (எக்ஸிட்) எண்கள் மைல் கணக்கில் அமைந்தவை. ஐ-75 சாலையில் ஃபுளோரிடா எல்லையிலிருந்து எத்தனை மைல் என்பதே ஏறத்தாழ அந்த எண். ஆகவே கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது அவர் சொன்ன வெளிவழி எண் 101 என்றால் அது கார்டீல் ஊர், க்ரிஸ்ப் கவுன்டி. 18 என்றால் வால்டோஸ்டா, லவுண்ட்ஸ் கவுன்டி. அடுத்து, அந்தக் கவுன்டி ஷெரிஃபின் சொந்த இணையதளத்தில் சிறைவாசிகள் பட்டியலைத் திறக்க வேண்டும். சில சிறு கவுன்டிகளில் இணையப் பட்டியலே கிடையாது. சில, தங்கள் கைதிகளைப் பக்கத்துக் கவுன்டியின் சிறையில் வைத்திருக்கும். மாநிலச் சிறைத்துறையின் தேடுபக்கத்திலும் கூட்டரசுச் சிறைகளின் தேடுபக்கத்திலும் நேரத்தை வீணாக்காதீர்கள். நேற்றிரவு கைதானவர் அங்கே இருக்க மாட்டார்.

இனி, என் நண்பர் குடும்பத்துக்கு ஓர் இரவையும் கொஞ்சம் பணத்தையும் பறித்த இடத்துக்கு வருகிறேன். சரியான கவுன்டியின் சரியான பட்டியலைத்தான் அவருடைய மனைவி திறந்தார். கணவரின் பெயரை உள்ளிட்டார். அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. அந்த வெற்றுப் பக்கத்தை நம்பியதில்தான் எல்லாம் தொடங்கியது. உண்மையில் அவர் அதே கட்டடத்தில், அதே பட்டியலில், வேறொரு பெயர் வரிசையில் இருந்தார்.

செந்தில்குமார் இராமலிங்கம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இராமலிங்கம் அவருடைய அப்பா. ஊரில் அது வெறும் இனிஷியல். அலுவலக மின்னஞ்சலில் இராமலிங்கம் கடைசிப் பெயராக இருக்கும். ஆனால் அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டு பெயர்களையும் ஒரே கட்டத்தில் அச்சிட்டிருந்தால், அமெரிக்க விசா அந்த முழுப் பெயரையும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தைப் போட்டுவிடும். சிறையில் இரவுப் பணியில் இருப்பவர் கையில் கிடைத்த அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். இடைவெளியை விட்டு இரண்டையும் ஒட்டலாம், நீளம் கருதி பாதியில் வெட்டலாம், ஓரெழுத்தைத் தவறவிடலாம். தேடுபவர் இராமலிங்கம் என்று கடைசிப் பெயரில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. கைதானவர்களின் படங்களைக் காவல் அமைப்புகள் தங்கள் இணையதளத்தில் இடக் கூடாது என்று ஜார்ஜியாவில் 2014 முதல் சட்டம் இருப்பதால், முகத்தைப் பார்த்து அடையாளம் காணவும் வழியில்லை.

ஆகவே முழுப் பெயரை உள்ளிடாதீர்கள். கைதானவருடைய சொந்தப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் இட்டுப் பாருங்கள், பிறகு அப்பா பெயரின் மூன்று எழுத்துகள், பிறகு எஃப்.என்.யூ. அதற்கும் கிடைக்காவிட்டால் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, கடந்த 24 மணி நேரத்தில் சேர்க்கப்பட்டவர்கள் என்ற வரிசையை முழுவதும் படியுங்கள். சிறு கவுன்டியில் அது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அங்கே நம் பெயர் ஒன்று இருந்தால், எவ்வளவு சிதைந்திருந்தாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். பதிவு வேலை முடியப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், நள்ளிரவில் இல்லாத பெயர் விடியற்காலையில் வந்திருக்கவும் கூடும்.

இத்தனைக்கும் மேலாக, தொலைபேசியை எடுங்கள். சிறையின் எண்ணுக்கு இரவிலும் ஆள் இருப்பார். தென்ஜார்ஜியாவின் இழுவைப் பேச்சு முதலில் புரியாது, நம் பேச்சும் அவருக்குப் புரியாது. பெயரை வேகமாகச் சொல்லாமல், எஸ் ஃபார் சாம், இ ஃபார் எட்வர்ட் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். பிறந்த தேதியை மாதத்தை முன்வைத்துச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 7 என்பதை நம் பழக்கத்தில் 7-4 என்றால் அவர் ஜூலை 4 என்று தேடிவிட்டு இல்லை என்பார். நண்பரின் மனைவி மறுநாள் காலை இப்படி அழைத்தபோது, எதிர்முனையில் இருந்த பெண் அதிகாரி பெயரைக் கண்டுபிடித்ததோடு, குளிருக்கு அவருக்குப் போர்வை கொடுத்திருப்பதாகவும் தாமாகவே சொன்னார். அந்த அழைப்பை முந்தைய இரவே செய்யத் தடுத்தது, தேடுபொறியில் முதலில் வந்து நின்ற தனியார் தளம்.

அந்தத் தளங்களைப் பற்றி எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கவுன்டியின் பெயரையே முகப்பில் பெரிதாகப் போட்டு, அரசுத் தளம் போல வேடமிட்டு, ஆவணம் கிடைத்துவிட்டது என்று சுற்றும் வட்டத்தைக் காட்டி, கடைசியில் ஒரு டாலர் கேட்கும். அந்த ஒரு டாலர் மாதச் சந்தாவாக மாறுவது சிறிய எழுத்தில் இருக்கும். பழைய பதிவுகளைத் திரட்டி விற்பதே அவர்கள் தொழில். இன்றிரவு நடந்த கைது அவர்களிடம் இருக்காது. இதனிடையே, அறியாத எண்ணிலிருந்து வந்த இயந்திரக் குரல் அழைப்புகளை அந்த அம்மா விளம்பரம் என்று துண்டித்துக்கொண்டிருந்தார். சிறையிலிருந்து கணவர்தான் அழைத்துக்கொண்டிருந்தார். அத்தகைய அழைப்பை ஏற்க முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். எடுத்தால், தமிழில் பேசினாலும் அது பதிவாகிறது என்பதை நினைவில் கொண்டு, வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதீர்கள்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டால் உங்களைப் போலவே மோசடிக்காரர்களும் அதைப் படிப்பார்கள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைப்பேசிச் செயலி வழியாகப் பிணைத்தொகை கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்களே சிறை எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

பட்டியலில் குற்றச்சாட்டு, பிணைத்தொகை, ஹோல்டு (வேறோர் அமைப்புக்காக அவரை விடாமல் வைத்திருப்பது) என்ற மூன்றையும் பாருங்கள். பிடிவாரண்ட் இல்லாமல் கைதானவரை 48 மணி நேரத்துக்குள்ளும், வாரண்டோடு கைதானவரை 72 மணி நேரத்துக்குள்ளும் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். 2024-இல் வந்த மாநிலச் சட்டம், சிறைக்கு வருபவரின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்கச் சொல்கிறது; ஹோல்டு பகுதியில் கூட்டரசுக் குடியேற்ற அமலாக்கத் துறையைக் குறிக்கும் ஐஸ் என்று இருந்தால், பிணைப் பணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள். இந்தியக் குடிமக்கள் விரும்பிக் கேட்டால் மட்டுமே தூதரகத்துக்குத் தகவல் போகும்; அட்லாண்டாவில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது.

வெளியே வந்த பிறகு காகித வேலை தொடங்கும். முதல் கைது அறிக்கை ஜார்ஜியா திறந்த ஆவணச் சட்டப்படி பொது ஆவணம்; ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டால் மூன்று வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும், சாதாரண நகலுக்குப் பக்கம் 10 சென்டுக்கு மேல் வாங்கக் கூடாது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்பதில் குழம்பாதீர்கள்: சிறு குற்றங்களை விசாரிக்கும் கவுன்டி நீதிமன்றமான ஸ்டேட் கோர்ட் இல்லாத சிறு கவுன்டிகளில் போக்குவரத்து வழக்குகளைப் புரோபேட் நீதிமன்றம் விசாரிக்கிறது, ஊரில் உயில் விவகாரத்தோடு மட்டும் நாம் கேள்விப்பட்ட பெயர் அது. வழக்கு தள்ளுபடியாகி, பதிவு பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்டாலும், விசா விண்ணப்பமான டிஎஸ்-160 எப்போதாவது கைதானீர்களா என்றுதான் கேட்கிறது. ஆம் என்றே பதிலளிக்க வேண்டும். கைதானவரின் படத்தை எடுத்துப் போட்டுவிட்டு நீக்கக் காசு கேட்கும் தளங்களுக்குப் பணம் தராதீர்கள். தள்ளுபடியான வழக்குகளில் எழுத்து மூலம் கேட்டால் 30 நாளுக்குள் கட்டணமின்றி நீக்க வேண்டும் என்று ஜார்ஜியாவில் 2013 முதல் சட்டம் உண்டு. நீதிமன்ற எழுத்தர் தரும் சான்றிட்ட தீர்ப்பு நகலை முத்திரையோடு இரண்டு மூன்றாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் விசா முத்திரைக்குப் போகும்போது ஒன்றும், கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு ஒன்றும் தேவைப்படும். அந்த நகலிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன்பே பார்த்துவிடுங்கள்.